சாலைக்கும் ஆகாது, போட்டிக்கும் ஆகாது: இந்தக் கார்களை வாங்குவோர் எதை வாங்குகிறார்கள்?

சக்கரவாகம்:
சாலையில் ஓட்டப் பதிவெண் கிடைக்காத, எந்தப் போட்டியின் விதிகளுக்கும் பொருந்தாத, பந்தயத் தடத்தில் தனியாக நேரம் வாங்கி மட்டுமே ஓட்டக்கூடிய சூப்பர் கார்களைப் பற்றி ஒரு கேள்வி. 2005இல் ஃபெராரி எஃப்எக்ஸ்எக்ஸ் வந்தபோது மிகச் சில கார்களே செய்யப்பட்டன. அவற்றில் ஒன்று ஃபார்முலா 1 ஓட்டுநர் மைக்கேல் ஷூமாக்கருக்குப் போனது. 2015இல் அறிமுகமான ஆஸ்டன் மார்ட்டின் வல்கன் 24 மட்டுமே. 2020இல் வந்த லம்போர்கினி எஸென்ஸா எஸ்சிவி12 மொத்தம் 40. எஸென்ஸாவை வாங்கியவர்களின் கார்களைத் தானே வைத்துப் பராமரிக்க, நிறுவனம் தன் இத்தாலிய ஊரான சான்டாகட்டாவில் ஒரு கொட்டகையைக் கட்டியது. உரிமையாளர் தம் காரைக் கைப்பேசிச் செயலியில் இரவும் பகலும் கேமரா வழியே பார்த்துக்கொள்ளலாம். காசு கொடுத்து வாங்கிய காரைத் திரையில் பார்ப்பது ஒரு வசதி என்று சொல்லப்படும்போது, அங்கே விற்கப்படுவது காரா, அது வேறு எவரிடமும் இல்லை என்ற நினைப்பா? பொறியியல் என்பது இங்கே மேல்பூச்சுதான் என்பது என் கருத்து.

கிளட்ச்சுமை:
மேல்பூச்சு என்ற சொல்லை ஏற்க முடியவில்லை. சாலைக் கார் ஒவ்வொன்றும் புகை அளவு, பம்பர் உயரம், காற்றுப்பை, விளக்கின் இடம் என்று நூறு நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட்டது. பந்தயக் காரின் கட்டுப்பாடு இன்னும் கடுமையானது. அதன் வேகத்தையே விதி அளந்து கொடுக்கிறது. இரண்டையும் விலக்கினால் என்ன நடக்கும் என்பதற்குப் போர்ஷே 919 சான்று. பிரான்சின் 24 மணி நேரப் பந்தயமான லெ மான்ஸில் வென்ற அதே ஹைப்ரிட் காரை 2018இல் போட்டி விதிகளிலிருந்து அவிழ்த்துவிட்டார்கள். ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயத் தடத்தின் வடக்குச் சுற்றை அது 5 நிமிடம் 19.546 விநாடியில் முடித்தது. அதற்கு முன் அங்கே நின்ற நேரம், 1983இல் ஸ்டெஃபான் பெலோஃப் ஓட்டிய 6 நிமிடம் 11.13 விநாடி. விதி எவ்வளவு வேகத்தைப் பிடித்து வைத்திருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்டியதில்லை.

சக்கரவாகம்:
நல்ல சான்றுதான், ஆனால் என் பக்கத்துக்கு. அந்த 919ஐ எந்தச் சேகரிப்பாளருக்கும் விற்பதற்காக அவிழ்த்துவிடவில்லை. ஓட்டியவர் தொழில்முறை ஓட்டுநர், உடன் நின்றது முழுப் பந்தய அணி. விற்பனைக்கு வந்த காரையே எடுத்துக்கொள்வோம். 2010இல் பகானி ஸோண்டா ஆர், 750 குதிரைத்திறனோடு, அதே வடக்குச் சுற்றை 6 நிமிடம் 47.50 விநாடியில் ஓடியது. அதற்கு முந்தைய ஆண்டு ரேடிக்கல் எஸ்ஆர்8 எல்எம் என்ற சிறிய நிறுவனத்துக் கார், பதிவெண் பலகையோடு, இங்கிலாந்திலிருந்து சாலை வழியாகவே ஓட்டிக்கொண்டு வரப்பட்டு, 6 நிமிடம் 48 விநாடி அளவில் முடித்தது. ஒரு விநாடிக்கும் குறைவான இந்த வித்தியாசத்துக்குத்தானா சாலையைத் துறக்க வேண்டும்?

கிளட்ச்சுமை:
ரேடிக்கலைச் சாலைக் கார் என்பது, பந்தயக் காருக்குப் பதிவெண் மாட்டிவிட்டுச் சாலைக் கார் என்று பெயர் வைப்பது. கூரையும் கிடையாது. சுற்று நேரம் மட்டுமே அளவுகோல் என்றால் நானும் ரேடிக்கலைத்தான் வாங்குவேன்; ஆனால் விதியின் தடுப்பில்லாத, பன்னிரண்டு சிலிண்டர் கொண்ட வி12 எஞ்சினின் சுழற்சி மேலேறும் அனுபவம் கடிகாரத்தில் விழாது.

பிட்லேன்:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். தடத்தில் வாகனச் சோதனைப் பணியில் சில ஆண்டுகள் நின்றவன் என்பதால், விதியிலிருந்து விடுதலை என்ற பொருளில் நண்பர் கிளட்ச்சுமை சொன்னதைப் படித்தபோது சிரிப்பு வந்தது. இத்தகைய கார் ஒன்று முதல்முறை வந்த நாளைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். காலை ஏழு மணிக்கே டயர்களுக்குச் சூடேற்றும் மின்போர்வை சுற்றினார்கள். எஞ்சின் எண்ணெயை வெளியிலிருந்து சூடாக்கிய பிறகுதான் மடிக்கணினி வைத்திருந்தவர் எஞ்சினை முடுக்கத் தலையசைத்தார். புகைக்குழாயின் வாய்க்கு அரை மீட்டர் தள்ளி, 45 டிகிரி கோணத்தில் ஒலிமானியைப் பிடித்தேன். முக்கால் வேகத்துக்குக்கூட எஞ்சின் ஏறவில்லை, முள் அந்தத் தடத்தின் வரம்பைத் தாண்டிவிட்டது. சுற்றுவட்டாரத்தில் குடியிருப்போரின் புகாரால் உரிமத்தையே இழக்கக்கூடிய தடங்கள் உண்டு. எனவே எவருக்கும் சலுகை இல்லை. மெக்கானிக்குகள் பெட்டியைத் திறந்து, தவில் அளவுக்கு ஒரு கூடுதல் சைலன்சரைப் பூட்டினார்கள். சாலைச் சட்டம் பொருந்தாத அந்தக் கார், அன்று வாகன நிறுத்தத்தில் நின்ற பல சாலைக் கார்களைவிட அடக்கமாகக் கத்தியது. உரிமையாளர் இருபது நிமிடம் ஓட்டினார், இறங்கினார், மறுபடி இருபது நிமிடம். இடைவேளைகளில் ஒருவர் வெப்பத் துப்பாக்கியால் டயரைச் சூடாக்கி, அதில் ஒட்டிய ரப்பர் துணுக்குகளைச் சுரண்டிக்கொண்டே இருந்தார். அன்று மிக அதிக நேரம் வேலை செய்தது அந்தச் சுரண்டிதான்.

சக்கரவாகம்:
யானையைக் கட்டித் தீனி போடுவது என்பார்களே, அதுதான். உரிமையாளர்களே இதை உணர்ந்திருக்கிறார்கள் என்பதற்கும் சான்று உண்டு. மெக்லாரன் பி1 ஜிடிஆர் தடத்துக்கென்றே செய்யப்பட்டது. பின்னர் லான்ஸான்ட் நிறுவனம் அவற்றில் பலவற்றைச் சாலைக்கு மாற்றிக் கொடுத்தது. வல்கனையும் ஆர்எம்எல் நிறுவனம் அவ்வாறே சாலைக்கு மாற்றிக் கொடுத்தது. தடமே போதும் என்றால் இத்தனை செலவில் விளக்கும் கண்ணாடியும் எதற்கு?

கிளட்ச்சுமை:
தடத்துக்குப் போவதற்கு ஒரு லாரியும் ஆறு பேரும் வேண்டும் என்பதால்தான். கார் பிடிக்காததால் அல்ல. இதில் உங்கள் பக்கத்து நியாயத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் தலைப்பிலேயே போட்டிக்கும் ஆகாது என்று எழுதியிருக்கிறீர்கள், அது தவறு. ஆஸ்டன் மார்ட்டின் வல்கைரியின் லெ மான்ஸ் திட்டம் 2020இல் நிறுத்தி வைக்கப்பட்டது. அந்த உழைப்பு வீணாகாமல் 2021இல் வல்கைரி ஏஎம்ஆர் புரோ என்ற தடக் காராக வெளிப்பட்டது: 40 கார்கள், ஹைப்ரிட் பாகங்கள் நீக்கப்பட்ட 6.5 லிட்டர் வி12, சுமார் 1,000 குதிரைத்திறன். அதிலிருந்து வளர்ந்த பந்தயக் கார் 2025இல் லெ மான்ஸில் ஓடியது. விதிக்கு உட்படுவதற்காக அதன் திறனை 500 கிலோவாட், அதாவது ஏறத்தாழ 680 குதிரைத்திறன் என்று இறக்க வேண்டியிருந்தது. சேகரிப்பாளர்களின் பணம் இடையில் அந்த வடிவமைப்பைக் காப்பாற்றியிராவிட்டால் அந்த எஞ்சினின் ஒலி லெ மான்ஸில் கேட்டிருக்குமா என்பது எனக்கு ஐயமே.

சக்கரவாகம்:
வல்கைரியைப் பொறுத்தவரை தலைப்பைத் திரும்பப் பெறுகிறேன். அது விதிவிலக்கு என்றும் சொல்லிக்கொள்கிறேன். எஸென்ஸாவுக்கோ வல்கனுக்கோ அப்படியொரு வாரிசு கிடையாது. 1995இல் லெ மான்ஸை வென்ற மெக்லாரன் எஃப்1 ஜிடிஆர், சாலைக் காரை வாங்கியவர்கள் பந்தயத்துக்கு வேண்டும் என்று நச்சரித்ததால் பிறந்தது. அன்றைய பணக்காரர் மற்றவரோடு மோதக் கார் கேட்டார். இன்றைய தடக் காரில் அவர் மோதுவதற்கு யாரும் இல்லை, தன் நேரத்தோடு தானே மோதிக்கொள்கிறார்.

கிளட்ச்சுமை:
அறுபது வயதில் ஒருவர் 1,000 குதிரைத்திறன் காரில் பிறரோடு மோதாமல் இருப்பதை நான் குறையாகக் கருதவில்லை. மற்றவர் பாதுகாப்பும் இதில் அடங்கியிருக்கிறது.

பிட்லேன்:
வயதைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று. நான் சொன்ன அந்தக் கார் சில ஆண்டுகள் கழித்து மீண்டும் வந்தது. பந்தயக் கார்களில் உள்ள இருக்கைப் பட்டைக்கும் தொட்டிக்குள் இருக்கும் எரிபொருள் பைக்கும் பொதுவாக ஐந்து ஆண்டு ஆயுள். தேதி அச்சிட்ட சீட்டு அதிலேயே தைத்திருக்கும். குனிந்து பார்த்தேன், பட்டையின் தேதி முடிந்திருந்தது. அன்று அந்தக் காரைத் தடத்துக்குள் விட முடியாது என்று எழுதிக் கொடுத்தேன். உரிமையாளர் கோபப்படவில்லை, புதிது வரவழைக்கச் சொன்னார். கழற்றிப் போட்ட பழைய பட்டையை எடுத்துப் பார்த்தேன். தொழிற்சாலையில் மடித்து வைத்த மடிப்புக்கோடு அதில் இன்னும் கலையவில்லை.