ஸ்பிளைசிங்: பிளவிணைப்பா, புணர்ச்சியா?

பெங்களூரு, அல்சூரிலிருந்து:
வணக்கம். ஞாயிறு வகுப்பில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு, நரம்பிழைகளைச் சுற்றியிருக்கும் உறையான மயலின் பற்றிய பாடம். 'ஆல்டர்னேட்டிவ் ஸ்பிளைசிங்' என்பதற்குச் சனிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும். 'மாற்றுப் பிளவிணைப்பு' என்று போன வாரம் சொல்லிப் பார்த்தேன். "மரபணு பிளந்துபோச்சா மிஸ்?" என்று கேட்டார்கள். மரபணு அப்படியேதான் இருக்கிறது. அதிலிருந்து படியெடுத்த ஆர்என்ஏவில்தான் இன்ட்ரான்கள் என்ற இடைப்பகுதிகளை நீக்கி, எக்சான்கள் என்ற மீதிப் பகுதிகளைச் சேர்க்கிறது செல். அதுதான் ஸ்பிளைசிங். ஒரே மரபணுவின் படியையே வெவ்வேறு விதமாகச் சேர்த்தால் ஆல்டர்னேட்டிவ் ஸ்பிளைசிங். மூளையில் மயலின் உறையில் மிகுந்திருக்கும் பிஎல்பி புரதத்தையே பாருங்கள். எக்ஸ் குரோமோசோமில் மரபணு, ஏழு எக்சான். மூன்றாவது எக்சான் முழுதாகச் சேர்ந்தால் 276 அமினோ அமிலம். அந்த எக்சானுக்குள்ளேயே இன்னொரு வெட்டுமிடம் இருக்கிறது. அங்கே வெட்டினால் 105 எழுத்து போய், 35 அமினோ அமிலம் குறையும், அந்தச் சிறிய வடிவத்துக்குப் பெயர்தான் டிஎம்20.

டெல்லியிலிருந்து:
அம்மா, இது இடைக்குறை! ஓந்தி 'ஓதி' ஆவது போல முதலும் முடிவும் இருக்க, நடுவில் மட்டும் குறைகிறது. ஸ்பிளைசிங்குக்கும் நன்னூலிலேயே சொல் இருக்கிறது. மரம், வேர் இரண்டும் மகரம் கெட்டு 'மரவேர்' ஆகின்றன அல்லவா? புணர்ச்சி. ஆகவே 'மாற்றுப் புணர்ச்சி'.

மும்பையிலிருந்து:
ஐயா, இலக்கணப்படி அழகுதான். பதினாறு வயதுப் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது? நேற்று மாதுங்காவில் பூக்காரம்மா சரத்தில் வாடின பாகத்தை நறுக்கி எறிந்துவிட்டு, இரு முனைகளையும் முடிந்து கொடுத்தார். முடிச்சு பூவுக்குள் மறைந்துவிட்டது. 'வெட்டியிணைப்பு' என்றால் அது அப்படியே கண்ணில் தெரிகிறது. 'மாற்று' என்பதும் வேண்டாம். ஒன்றுக்குப் பதில் ஒன்று என்றாகிவிடும். எம்பிபி என்ற இன்னொரு மயலின் புரதத்தில் 2, 5 எக்சான்கள் சேர்வதையும் விடுபடுவதையும் பொறுத்து 21.5, 20.2, 18.5, 17.2 கிலோடால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) என நான்கு வடிவங்கள். 'பல்வழி வெட்டியிணைப்பு' சரியாக இருக்கும்.

டெல்லியிலிருந்து:
'வெட்டி' என்றாலே வீண் என்றுதான் பிள்ளைகள் காதில் விழும்.

அல்சூரிலிருந்து:
சனி இரவு பத்து மணி. தனிமடலில் எழுதிய மூன்று பேரும் மும்பை அக்கா பக்கம். பலகையில் 'பல்வழி வெட்டியிணைப்பு' என்றே எழுதப்போகிறேன், பக்கத்தில் ஸ்பிளைசிங் என்றும். டிஎம்20ஐ 'இடைக்குறை வடிவம்' என்பேன் ஐயா, அதைவிடத் தெளிவான சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

டெல்லியிலிருந்து:
மகிழ்ச்சி அம்மா. ஆனாலும் என் மறுப்பு அப்படியே இருக்கட்டும். புணரியல் என்று தொல்காப்பியத்தில் ஓர் இயலே இருக்கும்போது, அந்தச் சொல்லை வகுப்பில் சொல்லத் தயங்குவதை நான் ஏற்கவில்லை. அப்புறம், 'எக்சான்' மட்டும் ஏன் அப்படியே நிற்கிறது? அதற்கு நாளை தனியாக எழுதுகிறேன்.