இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை

படுத்த படுக்கையாகிவிட்ட பெரியவர்களைப் பார்த்துக்கொண்டவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள். முதலில் என்னுடையது.

எங்களுக்குக் கோவில்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, 76 வயது. சென்ற ஆடியில் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. தனியார் மருத்துவமனையில் 11 நாள் வைத்திருந்தோம். பெரும்பகுதிச் செலவைக் காப்பீடு ஏற்றுக்கொண்டது. மூக்கில் ஒரு குழாய், சிறுநீருக்கு ஒரு குழாய், கையில் மாத்திரைச் சீட்டு. இப்படித்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். “இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வையுங்கள், இல்லாவிட்டால் புண் வந்துவிடும்” என்று மட்டும் சொன்னார்கள். எப்படித் திருப்புவது என்று யாரும் செய்து காட்டவில்லை.

மூன்றாவது வாரம், முதுகெலும்பு முடிகிற இடத்தில் நாணயம் அளவுக்குச் சிவந்திருந்தது. விரலால் அழுத்திப் பார்த்தேன், வெளுக்கவில்லை. நான்கே நாளில் தோல் உரிந்துவிட்டது. அது ஆற ஐந்து மாதம் ஆனது. கட்டுப் பிரிக்கும்போதெல்லாம் அத்தை இடது கையால் போர்வையின் ஓரத்தை மடித்து, கட்டைவிரலால் நீவி, மறுபடி மடிப்பார். முப்பது வருடம் தீப்பெட்டி ஒட்டிய கை அது. வலியைச் சொல்ல வாயில்லாதவருக்கு அந்தக் கைதான் பேசியது.

கடலைமிட்டாய் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். சம்பளம் 11,000 ரூபாய். பகல் நேரத்துக்கு மட்டும் ஆள் வைக்க 16,000 கேட்டார்கள். வேலையை விட்டுவிட்டேன். நான் விட வேண்டுமா, என் வீட்டுக்காரர் விட வேண்டுமா என்ற பேச்சே வீட்டில் எழவில்லை.

அரசு எதுவுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் செவிலியர் மாதம் ஒருமுறை வீட்டுக்கே வருகிறார். புண்ணைச் சுத்தம் செய்யக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். அவரை மறக்க முடியாது. ஆனால் ஒரு மாதத்தில் அத்தையை 360 முறை திருப்ப வேண்டும். அவர் வருவது ஒரு முறை.

பெற்றோர் பராமரிப்புக்கென்றே 2007-இல் ஒரு சட்டம் வந்தது. பிள்ளைகள் கைவிட்டால் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம், மாதம் 10,000 ரூபாய் வரை வாங்கித் தருவார்கள். நல்ல சட்டம்தான். அதைப் படித்தபோது ஒன்று கவனித்தேன். பிள்ளைகள் என்ற சொல்லுக்கு மகன், மகள், பேரன், பேத்தி என்று விளக்கம் இருக்கிறது. மருமகள் அதில் இல்லை. என்னைக் கடமையிலிருந்து விட்டுவிட்டார்களே என்று நான் மகிழவில்லை. திருப்புகிறவள், துடைக்கிறவள், குழாயில் கஞ்சி ஊற்றுகிறவள் யார் என்று அந்தச் சட்டம் கேட்கவே இல்லை. பராமரிப்பு என்றால் பணம் என்று முடித்துவிட்டது. ஊரில் என்னை நல்ல மருமகள் என்கிறார்கள். அத்தை மேல் எனக்கு உயிர்தான். ஆனாலும் அந்தப் பட்டம் எனக்கு வேண்டாம். இரவில் நான்கு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூக்கம் வேண்டும்.

* * *

சகோதரி, நான் ஜப்பானில் சைதாமாவில் பதினான்கு வருடமாக இருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு 89 வயது. அவருக்கும் பக்கவாதம்தான்.

வாரம் ஒருமுறை அவர் வீட்டு வாசலில் ஒரு வேன் வந்து நிற்கும். செவிலியர் ஒருவர், உதவியாளர்கள் இருவர். வேனிலிருந்து குளியல் தொட்டியை இறக்கிப் படுக்கையறைக்கே கொண்டுபோவார்கள். வெந்நீருக்கு வேனிலிருந்து குழாய் போகும். முதலில் ரத்த அழுத்தம் பார்ப்பார்கள். பிறகு வலையில் கிடத்தி மெதுவாக இறக்குவார்கள். ஒருநாள் கதவு திறந்திருந்தபோது பார்த்தேன். தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போது பாட்டி கண்ணை மூடிக்கொண்டிருந்தார். என் அம்மாயி கடைசி இரண்டு வருடம் ஈரத்துணித் துடைப்போடு கிடந்தது நினைவுக்கு வந்து, வீட்டுக்குள் போய் அழுதுவிட்டேன்.

இது தர்மம் இல்லை. 2000 ஏப்ரலில் இங்கே பராமரிப்புக் காப்பீடு நடைமுறைக்கு வந்தது. 40 வயது ஆனவர் எல்லோரும் கட்ட வேண்டும். நானும் கட்டுகிறேன், சம்பளத்தில் பிடித்துக்கொள்கிறார்கள். 65 வயதுக்கு மேல் தேவை வந்தால் நகராட்சியில் விண்ணப்பம் கொடுக்கலாம். வீட்டுக்கு ஆள் வந்து, எழ முடிகிறதா, விழுங்க முடிகிறதா என்று 74 கேள்விகள் கேட்டு நிலையை மதிப்பிடுகிறார். பெரும்பாலானோர் செலவில் பத்தில் ஒரு பங்குதான் கொடுக்க வேண்டும். ‘மகன் இருக்கிறானா, மருமகள் இருக்கிறாளா’ என்பதை வைத்து நிலையைத் தீர்மானிப்பதில்லை. உடம்பால் எது முடியவில்லை என்பதுதான் கணக்கு.

நீங்கள் எழுதிய ‘நல்ல மருமகள்’ என்பதைப் படித்ததும் சொல்லத் தோன்றியது. இங்கும் ஒரு காலத்தில் மாமனார், மாமியாரைப் பார்த்துக்கொண்ட மருமகள்களுக்குப் பரிசு கொடுத்துப் பாராட்டிய ஊர்கள் இருந்தன. எழுத்தாளர் ஹிகுச்சி கெய்கோ போன்ற பெண்கள்தான் அதை எதிர்த்து, பாராட்டு வேண்டாம், பராமரிப்பைச் சமுதாயம் சுமக்கட்டும் என்று வாதாடினார்கள். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். பராமரிப்பு வேலைக்கு ஆள் பற்றாக்குறை கடுமையாக இருக்கிறது. வீட்டில் பெரியவர்களைப் பார்ப்பதற்காக வேலையை விடுகிறவர்கள் இன்றும் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் பேர். ஆனால் அவர்களை அரசு கணக்கெடுக்கிறது. நீங்கள் வேலையை விட்டது நம் ஊரில் எந்தக் கணக்கில் இருக்கிறது?

* * *

நான் கோயம்புத்தூரில் வீடுகளுக்குப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். அக்காவிடம் கேட்ட 16,000-இல் எங்கள் கைக்கு வருவது 10,500. மீதி ஏஜென்சிக்கு. எனக்கு வார விடுமுறை கிடையாது. அக்காவுக்குத் தூக்கம் உரிமை என்றால் எனக்கும் அது உரிமைதான்.

திருப்புவதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். தோளையும் இடுப்பையும் ஒரே நேரத்தில் திருப்ப வேண்டும். கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. விழுந்த பக்கத்துத் தோள் எளிதில் நழுவிவிடும். பழைய வேட்டியை நான்காக மடித்து இடுப்புக்கு அடியில் போட்டுவைத்தால், அதைப் பிடித்துத் திருப்பலாம், தோல் உராயாது. முழங்கால்களுக்கு நடுவில் ஒரு தலையணை. குதிகால் மெத்தையில் படாமல் தூக்கி வையுங்கள். காதையும் பாருங்கள், காது மடலிலும் புண் வரும். இதை வீட்டில் இருக்கிற ஆண்களுக்கும் சொல்லிக்கொடுங்கள். நான் போன வீடுகளில் கற்றுக்கொண்டு செய்த மகன்கள் மூன்று பேர். முடியாது என்று யாரும் சொல்லவில்லை, அவர்களிடம் யாரும் கேட்டிருக்கவில்லை.

* * *

மீண்டும் நான்தான். வேட்டி போட்டுத் திருப்புவதை என் வீட்டுக்காரருக்குக் காட்டினேன். முதல் நாள் கை நடுங்கியது. இப்போது இரவு 12 மணி முறையும் 2 மணி முறையும் அவருடையவை.

கேரளத்தில் பஞ்சாயத்துகளே வலி தணிப்புச் செவிலியர்களை வைத்து வீடு வீடாக அனுப்புகின்றன என்று எங்களுக்கு வரும் செவிலியர் சொன்னார். வருகிற அக்டோபர் 2 கிராம சபையில் கொடுக்க ஒரு மனு எழுதியிருக்கிறேன். செவிலியர் வாரம் ஒருமுறை வர வேண்டும், பஞ்சாயத்தில் இரண்டு நீர்ப்படுக்கைகள் வாங்கி வைத்து இரவல் தர வேண்டும், வீட்டில் பார்த்துக்கொள்கிறவர்களின் பெயரையும் ஒரு பதிவேட்டில் எழுத வேண்டும். எங்கள் தெருவில் மட்டும் படுக்கையில் இருப்பவர்கள் நான்கு பேர். மூன்று வீட்டில் கையெழுத்து வாங்கிவிட்டேன். நான்காவது வீட்டில் பாட்டியைப் பார்த்துக்கொள்வது பதினொன்றாம் வகுப்புப் படிக்கிற பேத்தி. அவள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் போக வேண்டும்.