வாசிகசாலைக் கொம்பியூட்டருக்கு எவ்வளவு பூட்டு?

குழு: எங்கட வாசிகசாலை, திருகோணமலை

நூலகப் பிள்ளை: தலைவர் ஐயா, இன்றைக்கும் அதே கதைதான். ஜன்னல் பக்கக் கொம்பியூட்டரில் யாரோ ஒரு பிள்ளையின் மெயில் திறந்தபடி கிடந்தது. ஒன்றும் வாசிக்காமல் லொக் அவுட் பண்ணி விட்டேன். மற்றதில் கார் ஓட்டும் கேம் ஒன்று போட்டிருக்கிறார்கள். முகப்புப் படமும் மாறி விட்டது.

தலைவர் ஐயா: நான் அப்பவே சொன்னேன், ஒருவரும் கேட்கவில்லை. யூடியூப், பேஸ்புக் எல்லாவற்றையும் நிறுத்துங்கோ. பென் ட்ரைவ் குத்துகிற ஓட்டையையும் அடையுங்கோ. விண்ணப்பம் நிரப்ப மட்டும் இருந்தால் போதும்.

மூலைவீட்டு அக்கா: ஐயா, யூடியூப்பை நிறுத்தினால் என் மகள் இணைந்த கணிதப் பாடத்தை எங்கே பார்க்கிறது? வீட்டில் டேட்டா போட்டுக் கட்டாது.

தலைவர் ஐயா: பாடம் பார்க்கிறவை எத்தனை பேர், படம் பார்க்கிறவை எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும் பிள்ளை.

ரீச்சர்: கேம் இருந்து விட்டுப் போகட்டும் ஐயா. எனக்குப் பயம் அந்த மெயில்தான். பல்கலைக்கழக விண்ணப்பம் எல்லாம் இப்போது இணையத்தில்தானே. ஒரு பிள்ளை பாடநெறிகளை விருப்ப ஒழுங்கில் நிரப்பிவிட்டு, வெளியேறாமல் எழும்பிப் போகிறது என்று வையுங்கோ. அடுத்து வந்து இருக்கிறவன் விளையாட்டுக்கு இரண்டை மேலே கீழே மாற்றினாலும் அது அந்தப் பிள்ளையின் பெயரில்தான் போகும்.

மூலைவீட்டு அக்கா: ஐயோ ரீச்சர், வயிற்றில் புளியைக் கரைக்காதேங்கோ.

உப்புவெளித் தம்பி: இப்பதான் வேலையால் வந்தேன். தங்கச்சி, அந்தக் கேமைப் போடும்போது பாஸ்வேர்ட் கேட்குமா?

நூலகப் பிள்ளை: இல்லை அண்ணா. "மாற்றம் செய்ய அனுமதிக்கிறீர்களா" என்று ஒரு பெட்டி வரும். ஆம் என்று அழுத்தினால் சரி.

உப்புவெளித் தம்பி: அப்ப வருகிறவர்கள் எல்லாரும் எதையும் மாற்றக்கூடிய அட்மின் கணக்கில்தான் இருக்கிறார்கள். வாசலில் பூட்டைப் போட்டுவிட்டுத் திறப்பை வருகிறவர் போகிறவர் கையில் எல்லாம் கொடுத்த மாதிரி. முதலில் அட்மின் கணக்குக்குப் பாஸ்வேர்ட் போட வேண்டும். அப்புறம் "வாசகர்" என்று சாதாரணக் கணக்கு ஒன்று திறந்து, பிள்ளைகளை அதில் மட்டும் விட வேண்டும். அதே பெட்டி வரும், ஆனால் அட்மின் பாஸ்வேர்ட் கேட்கும்.

தலைவர் ஐயா: அதோடு முடிந்ததா?

உப்புவெளித் தம்பி: பாதி முடிந்தது ஐயா. சில மென்பொருட்கள் அட்மினைக் கேட்காமலே அந்தக் கணக்கின் கோப்புறைக்குள் போய் உட்காரும். குரோம்கூட அப்படி ஏறும். அதைவிடப் பெரிய விஷயம், "வாசகர்" ஒரே கணக்கு. காலையில் வந்த பிள்ளை திறந்து விட்டுப் போன மெயில் பின்னேரம் வருகிறவருக்கும் திறந்தபடிதான் இருக்கும். ரீச்சர் பயப்படுவது அப்படியே மிஞ்சும்.

ஏஎல் பொடியன்: பார்த்ததைச் சேமிக்காத இன்கொக்னிட்டோ ஜன்னலில் பார்க்கச் சொன்னால் என்ன அண்ணா?

உப்புவெளித் தம்பி: அந்தப் பிரவுசர் ஜன்னலை மூடினால்தான் அது மறக்கும் தம்பி. மூடாமல் போனால் எல்லாம் அப்படியே நிற்கும். டவுன்லோட் பண்ணின அடையாள அட்டைப் பிரதியும் டவுன்லோட்ஸில்தான் கிடக்கும். அங்கே போய்ப் பார்த்தால் பாதித் திருகோணமலையின் பிறப்புச் சான்றிதழ் இருக்கும்.

நூலகப் பிள்ளை: உண்மைதான் அண்ணா. கடவுச்சீட்டுப் படிவம், வங்கிப் புத்தகப் படம் எல்லாம் கிடக்கிறது.

லண்டன் அண்ணா: தம்பி, இங்கே லைப்ரரிகளில் எழும்பினவுடன் எல்லாம் அழிந்து விடும். முந்தி மைக்ரோசொஃப்ட் இதற்கென்றே ஸ்டெடிஸ்டேட் என்று ஒன்றை இலவசமாகக் கொடுத்தது. அதைப் போட்டால் என்ன?

உப்புவெளித் தம்பி: அதை 2010 முடிவிலேயே நிறுத்தி விட்டார்கள் அண்ணா. அது பழைய விண்டோஸ் எக்ஸ்பி, விஸ்டாவுக்கு. இப்போது அதே வேலைக்கு டீப் ஃப்ரீஸ் இருக்கிறது. ஒருமுறை உறைய வைத்தால், யார் என்ன செய்தாலும் ரீஸ்டார்ட் பண்ணினவுடன் பழையபடி வந்து நிற்கும்.

லண்டன் அண்ணா: நல்லதுதானே. காசு எவ்வளவு என்று பார்த்துச் சொல், நான் அனுப்புகிறேன்.

உப்புவெளித் தம்பி: காசு மட்டும் இல்லை அண்ணா. உறைந்திருக்கும்போது ஏறுகிற அப்டேட்டும் ரீஸ்டார்ட்டோடு போய்விடும். யாராவது இடைக்கிடை உருக்கி, அப்டேட் போட்டு, திரும்ப உறைய வைக்க வேண்டும். நான் ஊரில் இல்லாத நேரம் யார் செய்வது? அதோடு எங்கட மெஷின்களில் உள்ள விண்டோஸ் 10க்கு 2025 ஒக்டோபர் 14ஓடு வழமையான ஆதரவு முடிந்து விட்டது. மெஷின் ஆறாம் தலைமுறை இன்டெல், விண்டோஸ் 11 கேட்கிற பட்டியலில் அது இல்லை.

ஏஎல் பொடியன்: அண்ணா அண்ணா, உறைய வைக்காதேங்கோ! என் புரொஜெக்ட் டெஸ்க்டொப்பில் இருக்கிறது!

ரீச்சர்: பொது மெஷினில் ஏன் தம்பி வைத்தாய்? இன்றைக்கே பென் ட்ரைவில் எடு.

தலைவர் ஐயா: அதுதான் பென் ட்ரைவ் ஓட்டையை அடைக்கச் சொன்னேனே.

உப்புவெளித் தம்பி: அடைக்கத் தேவையில்லை ஐயா. கடல் காற்றுக்குத் துருப்பிடித்து முன் பக்கத்து இரண்டும் தானாகவே அடைபட்டு விட்டன 😄 பின்னுக்கு இருப்பதை விடுங்கோ. வீட்டுக்குக் கொண்டு போக வழி இல்லாவிட்டால் பிள்ளைகள் மெஷினிலேயே சேமித்து வைப்பார்கள். அது இன்னும் மோசம்.

மூலைவீட்டு அக்கா: அப்ப முடிவாக என்ன செய்யப் போகிறாய் தம்பி? கறி அடுப்பில் இருக்கிறது.

உப்புவெளித் தம்பி: விண்டோஸுக்குப் பதிலாக ஜன்னல் பக்க மெஷினில் லினக்ஸ் மின்ட் போடுவோம் அக்கா. இலவசம், பழைய மெஷினிலும் ஓடும். அதில் விருந்தினர் அமர்வு என்று ஒன்றைத் திறந்து விடலாம். பாஸ்வேர்ட் தேவையில்லை. வருகிறவர் அதில் நுழைந்து மெயில் பார்க்கலாம், படிவம் நிரப்பலாம், யூடியூப்பும் பார்க்கலாம். லொக் அவுட் பண்ணினவுடன் மெயில், டவுன்லோட், முகப்புப் படம் எல்லாம் போய்விடும். விண்டோஸில் முந்தி இருந்த கெஸ்ட் கணக்கை 10இல் எடுத்து விட்டார்கள். இல்லாவிட்டால் இவ்வளவு பாடே இல்லை.

தலைவர் ஐயா: சங்கக் கடிதம் எல்லாம் பாமினியில் இருக்கிறது. அது என்ன ஆகும்?

உப்புவெளித் தம்பி: அட்மினாக ஒருமுறை பாமினி எழுத்துருவை எல்லாருக்குமாகப் போட்டு விட்டால், லினக்ஸில் வேர்டுக்குப் பதிலாக உள்ள லிப்ரே ஒஃபிஸில் வரும். பக்கம் கொஞ்சம் அங்கே இங்கே தள்ளலாம். அதற்காக அலுமாரி பக்க மெஷினை விண்டோஸிலேயே விடுவோம். நெட் வயரைக் கழற்றிவிட்டு, சாதாரணக் கணக்கில், கடிதம் அடிக்கவும் பிரிண்ட் எடுக்கவும் மட்டும்.

தலைவர் ஐயா: சரி. ஆனால் கூடாத சங்கதிகள்? சின்னப் பிள்ளைகள் வருகிற இடம்.

உப்புவெளித் தம்பி: தளத்தின் பெயரைக் கேட்டு அது இருக்கிற இடத்தைச் சொல்வது டிஎன்எஸ். ரவுட்டரில் அந்த டிஎன்எஸ் முகவரியை 1.1.1.3 என்று மாற்றி விடுகிறேன். கிளவுட்ஃபிளேர் என்ற கம்பனி இலவசமாகத் தருவது. ஆபாசத் தளமும் வைரஸ் தளமும் திறவாது, பாடம் திறக்கும். பிரவுசரில் வேறு டிஎன்எஸ் போட்டுச் சுற்றிப் போக வழி இருக்கிறது, அதையும் அட்மினாகப் பூட்டலாம். ஆனால் திரையை வாசல் பக்கம் திருப்பி வைத்தால் இதில் பாதிக்குத் தேவையே வராது.

ரீச்சர்: 👍 அதை நாளைக்கே நானும் தங்கச்சியும் திருப்பி வைக்கிறோம்.

நூலகப் பிள்ளை: லொக் அவுட் பண்ணாமல் எழும்பிப் போனால் அண்ணா?

உப்புவெளித் தம்பி: அதற்கு நீதான் மருந்து. பெயர் எழுதுகிற கொப்பியில் "வெளியேறியது" என்று ஒரு கோடு கூட்டு. எழும்பும்போது பார். ஆள் போய்விட்டால் மெஷினை ரீஸ்டார்ட் பண்ணு, அதுவும் அழித்து விடும். மெஷின் தொடங்கும்போதே ஓடுகிற பயோஸுக்கும் பாஸ்வேர்ட் போட்டு, பென் ட்ரைவில் இருந்து பூட் ஆவதை நிறுத்துவேன். இல்லாவிட்டால் யாராவது கெட்டிக்காரன் வெளியில் இருந்து வேறு ஒன்றைக் கொண்டு வந்து ஓட்டுவான்.

ஏஎல் பொடியன்: என்னைப் பார்த்து ஏன் சொல்கிறீர்கள் 🙈

தலைவர் ஐயா: பாஸ்வேர்ட் யாரிடம் இருக்கும்? தம்பி கொழும்புக்குப் போனால் நாங்கள் என்ன செய்கிறது?

உப்புவெளித் தம்பி: எழுதிக் கவரில் ஒட்டி உங்களிடம் தருகிறேன் ஐயா. இந்தக் குழுவில் மட்டும் போடாதேங்கோ.

தலைவர் ஐயா: சரி, சனிக்கிழமை காலை வா. யூடியூப் இருக்கட்டும், ஆனால் ஹெட்போன் இல்லாமல் ஒருவரும் கேட்கக் கூடாது.

மூலைவீட்டு அக்கா: நன்றி ஐயா 🙏 தம்பிக்குக் காலைச் சாப்பாடு எங்கள் வீட்டில்.

உப்புவெளித் தம்பி: இடியப்பம் என்றால் ஏழு மணிக்கே வருவேன் அக்கா. யாரிடமாவது 8 ஜிபி பென் ட்ரைவ் ஒன்று இருக்கிறதா, மின்ட் ஏற்ற? உள்ளே இருப்பது எல்லாம் அழியும். கலியாணப் படம் இருந்தால் முதலில் எடுத்து வைத்துவிட்டுத் தாங்கோ.