மொன்டானாவில் பதிவு செய்தால் மோட்டார் ஹோமுக்கு வரி இல்லையா?

கேள்வி:
கலிபோர்னியாவின் சாக்ரமென்டோவில் வசிக்கும் நாங்கள் 1,20,000 டாலருக்கு ஒரு மோட்டார் ஹோம் (தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டி) வாங்க இருக்கிறோம். விற்பனை வரியே இல்லாத மொன்டானா மாநிலத்தில் ஒரு எல்எல்சி (வரையறுக்கப்பட்ட பொறுப்பு நிறுவனம்) தொடங்கி, அதன் பெயரில் பதிவு செய்தால் வரி கட்ட வேண்டாம் என்கிறார் டீலர். வண்டி எங்கள் வீட்டு வாசலில்தான் நிற்கும். இது சரிதானா?

பதில் 1:
சரியல்ல, ஐயா. எல்எல்சி தொடங்குவதில் தவறில்லை; ஆனால் வரியைத் தீர்மானிப்பது நம்பர் பிளேட் அல்ல, வண்டி எங்கே ஓடுகிறது என்பதுதான். கலிபோர்னியாவாசி வெளியே வாங்கிய வண்டியை 12 மாதங்களுக்குள் உள்ளே கொண்டுவந்தால், இங்கே பயன்படுத்தவே வாங்கினார் என்று கருதி வரித்துறை பயன்பாட்டு வரி (வெளியே வாங்கியதை இங்கே பயன்படுத்துவதற்கான வரி) கேட்கும். அடிப்படை விகிதமான 7.25 சதவீதத்திலேயே அது 8,700 டாலர். உள்ளூர் வரி தனி. பின்னாளில் தெரியவந்தால் அபராதமும் வட்டியும் சேரும். தயவுசெய்து இதில் இறங்காதீர்கள்.

பதில் 2:
காப்பீட்டையும் யோசியுங்கள். வண்டி வழக்கமாக நிற்கும் இடம் எது என்று விண்ணப்பத்தில் கேட்பார்கள். அங்கே மொன்டானா முகவரியை எழுதிவிட்டு, சாக்ரமென்டோவில் விபத்து நேர்ந்தால் இழப்பீடு மறுக்கப்படலாம்.

பதில் 3:
வேறு மாநிலத்தில் விற்பனை வரி கட்டி வாங்கினால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அந்தத் தொகையை இங்கே கட்ட வேண்டிய பயன்பாட்டு வரியில் கழித்துக்கொள்வார்கள்.