ப்ரீ-ப்ரெக் கார்பன்ல பின்பக்கம் வழவழன்னு வர வச்சவங்க அனுபவத்தைச் சொல்லுங்க

டர்பன், ஃபீனிக்ஸ்ல இருந்து:

வணக்கம். சர்ஃப்ஸ்கிக்கு (கடல்ல துடுப்பு போடுற நீளமான ஒல்லிப் படகு) ஹேட்ச் மூடி, அதாவது சாமான் வைக்கிற அறையோட மூடி செய்றேன், ப்ரீ-ப்ரெக் கார்பன் (முன்னாடியே ரெசின் ஊறின கார்பன் துணி) நாலு லேயர், காத்தை உறிஞ்சி அமுக்குற வேக்கூம் பை போட்டு 120 டிகிரி அவன் அடுப்புல வேக வைக்கிறேன். மோல்டு பக்கம் கண்ணாடி மாதிரி வந்துரும், ஆனா மூடியைத் திறந்தா கண்ணுல படுறது பின்பக்கம்தானே, அது இட்லித் துணியில இருந்து உரிச்ச இட்லி மாதிரி தடம் தடமா இருந்துச்சு, பை மடிஞ்ச இடத்துல ரெசின் நரம்பு மாதிரி புடைச்சு விரலைக் கிழிக்கும். பாகத்துல ஒட்டாம உரிஞ்சு வர்றதுக்குப் போடுற ரிலீஸ் ஃபிலிம்ல, ஓட்டை போட்டதுக்குப் பதிலா ஓட்டையில்லாதது போட்டேன், புள்ளி போச்சு, மடிப்பு போகல.

கடைசியா, ஒரு மூடியை மோல்டுலயே விட்டு அதோட பின்பக்கத்தை ரெசின் பூசித் தேய்ச்சு பாலிஷ் பண்ணி, ஒட்டாம இருக்க ரிலீஸ் ஏஜென்ட் தடவி, அது மேல சூடு தாங்குற எபாக்சியில ரெண்டு லேயர் கார்பன் கையால போட்டு ஒரு தகடு எடுத்தேன். ரூம் சூட்டுல இறுகின பிறகு படிப்படியா சூடேத்தி போஸ்ட் க்யூர், அதாவது முழுசா இறுக வச்சேன். இப்ப ஒவ்வொரு மூடிக்கும் அந்தத் தகட்டை வச்சு அதுக்கு மேலதான் பை. முதல் தடவை கழட்டினப்ப பின்பக்கத்துல ட்யூப்லைட்டோட கோடு நேரா தெரிஞ்சுது, ரொம்ப நேரம் கையிலயே வச்சிருந்தேன்.

அலுமினியத் தகடு முதல்ல பார்த்தேன், 300 மில்லிமீட்டர் நீளம் சூட்டுல அரை மில்லிமீட்டருக்கு மேல நீளுது, கார்பன் அசையவே அசையாது, வளைவான பாகத்துக்கு ஒத்து வராது. தகட்டோட ஓரத்தை நல்லா மழுக்கணும், இல்லன்னா பை கிழிஞ்சுரும்.

இன்னும் ஒண்ணு, தைப்பூச சமயத்துல இங்க புழுக்கம் தெரியும்ல, ஃப்ரீசர்ல இருந்து எடுத்த ப்ரீ-ப்ரெக் ரோலை அவசரப்பட்டு பிரிச்சுட்டேன், தண்ணி கோத்துக்கிச்சு, பாகம் பூரா ஊசி ஓட்டை. சீல் பண்ண பையோட ரூம் சூட்டுக்கு வந்த பிறகுதான் பிரிக்கணும்.

ஜோஹன்னஸ்பர்க், லெனேசியாவுல இருந்து:

அண்ணா, நீங்க கடல் மட்டத்துல இருக்கீங்க, நாங்க சுமார் 1,600 மீட்டர் உயரத்துல. வேக்கூம் பையை அமுக்குறது வெளிக்காத்துதான், உங்களுக்கு 101 கிலோபாஸ்கல்னா எங்களுக்கு சுமார் 83தான். அதே தகடு முறையை இங்க செஞ்சப்ப பின்பக்கம் பளபளப்பா வந்துச்சு, ஆனா நடுவுல ஊசி ஓட்டை, ஏன்னா தகடு மூடிட்டா காத்து மேல போக வழியில்ல, ஓரமாத்தான் வெளியேறணும். இப்ப சுத்தி ஓரத்துல கண்ணாடி நூல் வச்சு காத்து போக வழி விடுற ப்ரீதர் துணியோட சேர்க்கிறேன், ஒவ்வொரு லேயருக்கும் வேக்கூம் போட்டு அமுக்கிட்டுத்தான் அடுத்தது. பசை ஒட்ட வேண்டிய இடத்துல மட்டும் பீல் ப்ளைதான் (உரிச்சா சொரசொரப்பு விடுற துணி), அங்க வழவழப்பு வந்தா பிடிக்காது.

ஃபீனிக்ஸ்:

ஓரத்துல நூல் வைக்கிறது எனக்குத் தோணவே இல்ல தம்பி. நாளைக்கு ரெண்டு மூடி போடுறேன், ஒண்ணு நூலோட, ஒண்ணு இல்லாம, வெட்டிப் பார்த்துட்டு இங்கயே சொல்றேன்.