பஸ் ஸ்டாப்பில்தான் கேள்வி வரும்

எனக்குச் சித்தூர் தாலுகா. ஆந்திரா சித்தூர் இல்லை, பாலக்காட்டுச் சித்தூர். வீட்டில் தமிழ், பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம், காலேஜில் கால் வைத்ததும் எல்லாமே மலையாளமும் இங்கிலீஷும். இரண்டாம் வருடம் ரெட் ரிப்பன் கிளப்பில் பியர் எஜுகேட்டராகச் சேர்ந்தேன். நாம் பயிற்சி எடுத்துக்கொண்டு கூடப் படிக்கிறவர்களிடம் ஹெச்ஐவி, பால்வினை நோய், கருத்தடை பற்றியெல்லாம் பேச வேண்டும், அதுதான் வேலை.

முதல் வகுப்பை நான் மறக்கவே மாட்டேன். ஸ்லைடு, சிவப்பு ரிப்பன், ஐம்பது அறுபது பேர். நான் மலையாளத்தில் பேசினேன், கடைசியில் "எந்தெங்கிலும் சம்சயம் உண்டோ?" என்று கேட்டேன். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. நல்லபடியாக முடிந்தது என்று நினைத்துக்கொண்டு சாயங்காலம் பஸ் ஸ்டாப்புக்கு வந்தேன். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து கோபாலபுரம் வழியாகத் தினமும் வந்து போகிற ஒரு ஜூனியர் பெண், என்னோடு ஒருநாளும் பேசாதவள், பக்கத்தில் வந்து நின்றாள். பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "அக்கா, வெள்ளை படறது எய்ட்ஸாக்கா?"

மூன்று மாதமாக அவளுக்கு அந்தப் பயம். அரிப்பு வேறு இருந்திருக்கிறது. அம்மாவிடம் சொன்னால் "உனக்கெப்படி வந்துச்சு"ன்னு கேட்பார்களே என்று சொல்லவில்லை. வெள்ளை படுவது எல்லாப் பெண்களுக்கும் உள்ளதுதான், ஆனால் அரிப்போ கெட்ட வாடையோ இருந்தால் தொற்றாக இருக்கலாம், அரிப்போடு தயிர் மாதிரித் திரிதிரியாக வந்தால் பெரும்பாலும் பூஞ்சைத் தொற்று, யாருடனும் உறவு இல்லாதவர்களுக்கும் வரும், மருந்தில் குணமாகும், இது வந்தால் ஹெச்ஐவி என்று அர்த்தமில்லை என்று சொன்னேன். "நிஜமாவா"ன்னு நாலு தடவை கேட்டாள்.

அடுத்த நாள் நானும் அவளும் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் நல்ல மனிதர், மெதுவாகத்தான் கேட்டார், "வெள்ளபோக்கு உண்டோ?" அவள் சட்டென்று "இல்லைங்க, வயிறு நல்லாத்தான் இருக்கு" என்றாள். போக்கு என்றதும் அவளுக்கு வயிற்றுப்போக்குதானே தோன்றும். நான் கூட இல்லாமல் இருந்திருந்தால் அந்தச் சீட்டில் "இல்லை" என்று எழுதி அனுப்பியிருப்பார்கள், அவள் இன்னும் மூன்று மாதம் அதே பயத்தோடு பஸ் ஏறியிருப்பாள். அன்றைக்குத்தான் எங்கள் வகுப்பில் ஏன் ஒருவரும் பேசவில்லை என்று எனக்குப் புரிந்தது. வெட்கம் மட்டும் காரணமில்லை.

அப்புறம் வியாழக்கிழமை மதியம் எட்டுப் பத்துப் பெண்கள் மட்டும், புளியமரத்தடியில், தமிழில் என்று மாற்றினோம். ஒரு பிஸ்கட் டின். பெயர் போடாமல் சீட்டு எழுதிப் போடலாம். முதல் வாரமே பதினேழு சீட்டு. "காண்டம் போட்டாலும் கர்ப்பமாகுமா", "முதல் தடவை ரத்தம் வரலைன்னா தப்பா", "முத்தத்துல ஹெச்ஐவி வருமா" (வராது), "பீரியட்ஸ் பத்து நாள் தள்ளிப்போச்சு, யார்கிட்டப் போறது". தமிழில் பேச உட்கார்ந்தால் இன்னொரு கஷ்டம், உறுப்புகளுக்கு நம் வாயில் இருப்பது ஒன்று பாடப்புத்தக வார்த்தை, இல்லையென்றால் கெட்ட வார்த்தை. மீதியெல்லாம் "அந்த இடம்"தான். யோனி, ஆணுறுப்பு என்று சத்தமாகச் சொல்லிப் பழகினோம். முதல் வாரம் சிரிப்பு அடங்கவில்லை, மூன்றாம் வாரம் ஒருத்தியும் சிரிக்கவில்லை.

என் அம்மாவுக்கு இந்த விஷயத்தில் தெரிந்ததெல்லாம் பொள்ளாச்சி போகும்போது சுவரில் பார்த்த "புள்ளி ராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" விளம்பரம்தான். அதற்குப் பிறகு வீட்டில் யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. உங்களில் வேறு யாராவது இந்த வேலை செய்திருந்தால் எழுதுங்கள்.

* * *

நான் வேலந்தாவளம், பாலக்காட்டு எல்லையோரம். படித்தது கோயம்புத்தூர்ப் பக்கம், ஹாஸ்டல். நானும் பியர் எஜுகேட்டராக இருந்தேன், பையன்களுக்கு.

பையன்கள் சீட்டெல்லாம் எழுத மாட்டார்கள். ராத்திரி பதினோரு மணிக்கு மேல் மொட்டை மாடியில், அதுவும் "என் ஃப்ரெண்ட் ஒருத்தனுக்கு"ன்னுதான் ஆரம்பிப்பார்கள். பாதிக் கேள்வி கைப்பழக்கம் பற்றியதுதான். இன்ன தேதியில் இன்ன லாட்ஜில் வைத்தியர் முகாம் என்று டிவியில் சொல்வார்களே, என் ரூம்மேட் அங்கே போய் மெஸ் பணம் ஆறாயிரத்தைக் கொடுத்து லேகியம் வாங்கி வந்து பெட்டிக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தான். சுயஇன்பத்தால் நரம்புத் தளர்ச்சி வராது, தூக்கத்தில் விந்து வெளியாவது வயசுப் பையன்களுக்கு இயல்பு, உனக்கு ஒரு நோயும் இல்லை என்று நான் சொன்னபோது அவன் அழுதான். இரண்டு வருடமாக அந்தப் பயத்தை உள்ளே வைத்திருந்திருக்கிறான்.

எனக்கு இன்றைக்கும் உறுத்துவது வேறொன்று. ஒரு பையன் காண்டம் இல்லாமல் ஒருமுறை உறவு வைத்துக்கொண்டு, பயந்து என்னிடம் வந்தான். வந்தது ஐந்தாம் நாள். பெப் என்று ஒரு மருந்து இருக்கிறது, 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்து 28 நாள் சாப்பிட்டால் ஹெச்ஐவி தொற்றாமல் தடுக்கலாம். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. நான் மூன்று வகுப்பு எடுத்திருந்தேன், ஒன்றில்கூட இதைச் சொல்லவில்லை. கிருமி எப்படிப் பரவும் எப்படிப் பரவாது என்று படம் காட்டிக்கொண்டிருந்தேன்.

சரி, கூட்டிக்கொண்டு நம்பிக்கை மையம் போனேன், அரசு ஹெச்ஐவி பரிசோதனை மையம் அது. பரிசோதனை இலவசம். உள்ளே ஆலோசகர் தனியாக உட்கார வைத்துப் பேசிய பிறகுதான் ரத்தம் எடுத்தார். சம்மதம் இல்லாமல் பரிசோதிக்கக் கூடாது, முடிவை வெளியில் சொல்லக் கூடாது என்று 2017 சட்டமே இருக்கிறது என்பதை அவரே அவனுக்கு விளக்கினார். அன்றைக்கு இல்லை என்று வந்தாலும் தொற்று ஆரம்பத்தில் பரிசோதனையில் தெரியாமல் போகலாம், மூன்று மாதம் கழித்து மறுபடி வா என்றார். அந்த மூன்று மாதமும் அவன் சரியாகச் சாப்பிடவில்லை. மறுபடியும் கூடவே போனேன். இல்லை என்றுதான் வந்தது. அதற்குப் பிறகு நான் எடுத்த எல்லா வகுப்பிலும் முதல் வரி 72 மணி நேரம்தான்.

* * *

நான் பொள்ளாச்சி. 72 மணி நேரம் என்றதும் எழுதத் தோன்றியது. அவசரக் கருத்தடை மாத்திரைக்கும் அதே கணக்குதான், முந்தினால் நல்லது. எங்கள் ஊரில் நாலு மெடிக்கல் ஷாப் ஏறி இறங்கினேன், எங்கேயும் "இல்லம்மா, நாங்க வெக்கறதில்லை". டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கலாம் என்று சட்டம் இருந்தும் தமிழ்நாட்டில் நிறையக் கடைகளில் கிடைப்பதில்லை. கடைசியில் பஸ் ஏறி எல்லை தாண்டி கேரளாவில் வாங்கினேன். அந்தக் கடைக்கார அக்கா ஒன்றும் கேட்கவில்லை, கவரில் போட்டுக் கொடுத்தார். ஏற்கெனவே கரு தங்கியிருந்தால் இந்த மாத்திரை அதைக் கலைக்காது, பால்வினை நோயையும் தடுக்காது, அடுத்த பீரியட்ஸ் ஒரு வாரத்துக்கு மேல் தள்ளினால் டெஸ்ட் கார்டு வாங்கிப் பார்க்கணும். இதெல்லாம் எனக்குச் சொன்னது வகுப்பு இல்லை, ஹாஸ்டல் சீனியர். கல்யாணம் ஆகாத பெண்ணுக்கும் சட்டப்படி கருக்கலைப்பு உரிமை உண்டு, சில பிரிவுப் பெண்களுக்கு 24 வாரம் வரை அனுமதி இருக்கிறதே, அதிலும் அவர்களை ஒதுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022இல் சொன்னதும் அவள் சொல்லித்தான் தெரியும்.

* * *

முதலில் எழுதியவள்தான். வேலந்தாவளத்துத் தம்பி நம்பிக்கை மையம் என்று எழுதியதைப் பார்த்துத்தான் எங்கள் வகுப்பில் ஒரு குறை தெரிந்தது. அங்கே தமிழ்நாட்டில் நம்பிக்கை மையம் என்பது இங்கே கேரளாவில் ஜ்யோதிஸ். பால்வினை நோய்க்கான கிளினிக் அங்கே சுகவாழ்வு மையம், இங்கே புலரி. பலகை மலையாளத்தில் மட்டும் இருந்தால் பொள்ளாச்சிப் பிள்ளைகள் வாசலிலேயே நின்றுவிட்டுத் திரும்பிவிடுவார்கள். இப்போது இரண்டு பெயரையும், கீழே மலையாள எழுத்து எப்படி இருக்கும் என்பதையும், 1097 என்ற எய்ட்ஸ் உதவி எண்ணையும் ஒரு தாளில் எழுதி லேடீஸ் ஹாஸ்டல் பாத்ரூம் கதவுகளுக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கிறோம். உள்பக்கம் ஒட்டச் சொன்னது அந்த பஸ் ஸ்டாப் பெண். வெளியில் ஒட்டினால் நின்று படிக்க மாட்டார்களாம். இந்த வருடம் பிஸ்கட் டின் அவளிடம்தான் இருக்கிறது.

நகரி, குப்பம் பக்கம் தெலுங்குக் காலேஜில் படிக்கிற தமிழ்ப் பிள்ளைகள் யாராவது இருந்தால், அங்கே பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லுங்கள். தாளில் கீழே இன்னும் இடம் இருக்கிறது.