புதுப்பிப்பு: டேப்பைத் துப்பிய எல்டிஓ-8 டிரைவ்

பேக்கப்புக்குப் புதிதாக வாங்கிய எல்டிஓ-8 டிரைவ் (எல்டிஓ என்பது தரவைச் சேமிக்கும் காந்த டேப் வகை; எண் அதன் தலைமுறை), எங்கள் பழைய எல்டிஓ-6 டேப்பைப் போட்டதும் வெளியே துப்புகிறது என்று போன வாரம் எழுதியிருந்தேன். டிரைவில் கோளாறே இல்லை. எல்டிஓ-7 வரையிலான டிரைவ்கள் இரண்டு தலைமுறை பழைய டேப்பையும் படிக்கும். எட்டில், டேப்பைப் படிக்கும் ஹெட்டின் தொழில்நுட்பம் மாறியதால் ஒரு தலைமுறையோடு சரி. ஹெட்டைச் சுத்தம் செய்யும் கிளீனிங் டேப்பை இரண்டு தடவை வீணாக ஓட்டியதுதான் மிச்சம்!

அப்புறம் எல்டிஓ-7 டிரைவ் ஒன்றை வாடகைக்கு எடுத்தேன். 2.5 டெராபைட் நிறைந்த டேப் ஒன்றைப் படிக்க நாலரை மணி நேரம் ஆகிறது. பதினொன்றில் ஒன்பது முடிந்துவிட்டன. பத்தாவதின் லேபிளில் மை கரைந்து, 2016ஆ 2018ஆ தெரியவில்லை. இன்று ராத்திரி போட்டுப் பார்க்கிறேன்.